வீட்டிலேயே கண்ணழுத்தம் அளக்கலாமா?

இரத்த அழுத்தமானியும் சர்க்கரை அளக்கும் கருவியும் பல இல்லங்களில் இடம்பெற்றுவிட்டன. அவ்வரிசையில் இப்போது கண்ணின் உள்ளழுத்தத்தை அளக்கும் கைக்கருவியும் சேர்ந்துள்ளது. நெற்றியிலும் கன்னத்திலும் ஊன்றிப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால், நுண்கோல் ஒன்று கருவிழியைக் கணநேரம் தொட்டு மீள்கிறது. அது மீளும் விதத்தைக் கொண்டு அழுத்தம் கணக்கிடப்படுகிறது. கண்ணை மரக்கச் செய்யும் சொட்டு மருந்து இதற்குத் தேவையில்லை.

கண் நீர் அழுத்த நோய் எனப்படும் கிளாக்கோமா உள்ளவர்களுக்கு இதனால் பயன் உண்டு. கண்ணழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும். ஆயினும் நாள் முழுவதும் ஒரே நிலையில் நிற்பதில்லை. பலருக்கு இரவிலும் விடியற்காலையிலும் உயர்கிறது. மருத்துவமனையில் பகல் 11 மணிக்கு எடுக்கும் அளவில் அவ்வுயர்வு அகப்படாமல் போகலாம். வங்கி மொழியில் சொல்வதானால், அது ஒரு நாளின் இருப்பு மட்டுமே. கணக்கு அறிக்கை அன்று.

ஆனால் இக்கருவியின் எண்ணை முழுத் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. கருவிழி தடித்திருந்தால் அளவு கூடுதலாகவும், மெலிந்திருந்தால் குறைவாகவும் காட்டக்கூடும். கண்ணாடியைத் தவிர்க்க லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்கள் இதனைக் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டும். கை நடுங்கினாலும், கருவி சாய்ந்தாலும், இமையை இறுக்கினாலும், மூச்சை அடக்கினாலும் எண் மாறும். சிரசாசனத்தின்போது கண்ணழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பதை யோகப் பயிற்சியாளர்கள் அறிந்திருத்தல் நலம்.

இவற்றினும் பெரிய குறைபாடு ஒன்றுண்டு. அழுத்தம் இயல்பான அளவிலேயே இருக்க, பார்வை நரம்பு சிதைந்துகொண்டிருக்கும் நோயாளிகளும் உளர். நரம்பின் நிலையை அறிய, மருத்துவர் கண்ணின் உட்புறத்தைக் காண வேண்டும். பார்வைப் புலப் பரிசோதனையும் வேண்டும். இவ்விரண்டையும் இக்கருவி செய்வதில்லை. இமைமேல் விரலால் அழுத்திப் பார்ப்பது ஒரு கணிப்பாகவும் ஆகாது.

எங்கள் கிளைக்கு வரும் ஓய்வூதியர் ஒருவர், குறிப்பேட்டில் எழுதிய எண்களைக் காட்டி, எல்லாம் 18-க்குக் கீழ் இருப்பதால் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டதாகப் பெருமையுடன் கூறினார். மருந்தினால்தான் அந்த எண்கள் அவ்வாறு இருந்தன. தவணை தவறாமல் கட்டுவதால் ஒழுங்காயிருக்கும் கடன் கணக்கைப் பார்த்து, இனித் தவணை எதற்கு என்று எவரேனும் கேட்பரோ? இந்நோயில் இழந்த பார்வை மீள்வதில்லை. தொடக்கத்தில் வலியும் இராது.

கருவி வாங்க எண்ணுவோர் முதலில் மருத்துவரைக் கேட்டு, அவர் முன்னிலையிலேயே கையாளப் பழக வேண்டும், விலையும் சிறிதன்று. அளவுடன் நேரத்தையும், மருந்திட்ட வேளையையும் குறித்து, அக்குறிப்பேட்டைப் பரிசோதனைக்குச் செல்லும்போது எடுத்துச் செல்லலாம். பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இந்நோய் இருப்பின், 40 வயதைக் கடந்தவர்கள் கருவிக்காகக் காத்திராமல் முழுமையான கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். திடீரெனக் கடும் கண்வலியும் வாந்தியும் ஏற்பட்டு, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தால், அளந்து பார்க்கும் நேரமன்று அது. அக்கணமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.