தாய் ஆஸ்பத்திரியில்... மகன் பரீட்சை அறையில்...! 46 வயதில் பி.ஏ. படிக்கும் ஆபீஸ் உதவியாளர்

விடியற்காலை மணி 4.

குரோம்பேட்டையில் ஒரு சின்ன வாடகை வீடு. தெருவே தூங்குகிறது. அந்த வீட்டில் மட்டும் சமையல் அறையில் விளக்கு எரிகிறது.

சமையலுக்கு அல்ல. படிப்புக்கு!

தரையில் ஒரு பாய். பாயின் ஒரு பக்கம் பிளஸ் 2 படிக்கும் மகள். இன்னொரு பக்கம் பி.ஏ. படிக்கும் அப்பா.

அப்பாவுக்கு வயது 46. சென்னையில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். பைல் தூக்குவது, தபால் கொடுப்பது, அதிகாரி மணி அடித்தால் ஓடுவது... 25 வருடமாக இதுதான் வேலை.

"பேரு மட்டும் போட வேணாம். பாஸ் பண்ணின பிறகு நானே ஊரைக் கூட்டிச் சொல்றேன்" என்று சிரிக்கிறார்.

டீ வாங்கிக் கொடுத்த பையன்

10-ம் வகுப்போடு இவர் படிப்பு நின்றுவிட்டது. அரசு வேலையில் இருந்த தகப்பனார் திடீரென்று இறந்துபோனார். வீட்டுக்கு மூத்த பிள்ளை. தம்பி, தங்கை இருவரும் சின்னப் பிள்ளைகள். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டினார். பிறகு வாரிசு வேலை கிடைத்தது. தங்கைக்குக் கல்யாணம் செய்தார். தம்பியைப் படிக்க வைத்தார். தன் படிப்பை மறந்தே போனார்.

ஆபீசுக்குத் தற்காலிக வேலைக்கு ஒரு பையன் வந்தான். அவனுக்கு இவர்தான் டீ வாங்கிக் கொடுப்பார். பையன் இரவில் படித்தான். பரீட்சை எழுதினான். சில வருடம் கழித்து அதே ஆபீசுக்கு மேலதிகாரியாக வந்து உட்கார்ந்தான்!

வந்தவர் இவரை மறக்கவில்லை. "அண்ணே, நீங்களும் படிங்களேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான். அன்று ராத்திரி இவருக்குத் தூக்கம் வரவில்லை.

செல்லாத பட்டம்!

ஆனால் இவர் உடனே பி.ஏ.யில் சேர்ந்துவிடவில்லை. காரணம், பக்கத்து மேஜைக்காரருக்கு நேர்ந்த கதி.

அவரும் பத்தாவதுதான். பிளஸ் 2 படிக்காமலே, வயதைக் காட்டித் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டப்படிப்பில் சேர்ந்தார். மூன்று வருடம் கண் விழித்தார். பட்டமும் வாங்கினார். கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டினார். பதவி உயர்வுக்கு மனு போட்டபோதுதான் இடி விழுந்தது. "இந்தப் பட்டம் செல்லாது" என்று மனு திரும்பி வந்தது.

10-ம் வகுப்பு, பிளஸ் 2, அதன் பிறகு பட்டம். இந்த வரிசையில் படித்தால்தான் திறந்தநிலைப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லும் என்று தமிழக அரசு 2009-ல் உத்தரவு போட்டது. பட்டம் இல்லாமல் நேரடியாக வாங்கிய எம்.ஏ. செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டும் அதே வருடம் தீர்ப்புச் சொன்னது. பணமும் போச்சு, வருடமும் போச்சு என்று கலங்கியவர்கள் பலர்.

இதைக் கண்ணால் பார்த்த நம்ம ஆள் உஷாராகிவிட்டார். முதலில் தனித்தேர்வராகப் பிளஸ் 2 எழுதினார். முதல் தடவை இரண்டு பாடத்தில் கோட்டை விட்டார். மறுபடி எழுதித் தேறினார். அதன் பிறகே தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தார்.

தபாலில் வந்த காலேஜ்

வேலை பார்ப்பவர்களுக்குக் காலேஜ் கதவு திறந்தது ஒரு நாளில் அல்ல. டெல்லி பல்கலைக்கழகம் 1962-ல் தபால் வழிப் படிப்பைத் தொடங்கியது. நம் பக்கத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லும் ஆரம்பித்தன. 1985-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. சைதாப்பேட்டையில் இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ல் பிறந்தது.

வயது ஒரு தடையா? 1938-ல் பி.ஏ. முடித்தவர் ராஜ்குமார் வைஷ்யா என்ற பெரியவர். 100 வயதை நெருங்கும்போது, 2017-ல், நாளந்தா திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பொருளாதாரம் தேறினார். பேரப்பிள்ளை வயதுக்காரர்களோடு உட்கார்ந்து பரீட்சை எழுதினார்!

மனைவியின் வளையல்

கதவு திறந்திருந்தாலும் உள்ளே போவது சுலபம் இல்லை. முதல் வருடப் பீஸ் கட்டும்போது மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. அதை மீட்க அந்த அம்மாள் புடவைக்கு ஃபால்ஸ் தைத்தார். ஞாயிற்றுக்கிழமை தொடர்பு வகுப்பு என்றால் ரேஷன் கடை, கேஸ், கரண்ட் பில் எல்லாம் அவர் தலையில்தான்.

"சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. 'பொண்ணு காலேஜ் போற வயசுல இவருக்கு என்ன படிப்பு'ன்னு கேலி பண்றாங்க. பண்ணட்டும்" என்கிறார் அந்த அம்மாள்.

அவருக்கு இங்கிலீஷ்தான் எமன். அதற்கு வாத்தியார் மகள்!

"'ஹேவ்' இல்லப்பா... 'ஹேஸ்'!"

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"ஒண்ணு இல்லப்பா. மார்க் போயிடும்."

"நீங்க போங்க!"

கடைசி வருடப் பரீட்சை. காலை 10 மணிக்குப் பேப்பர். 8 மணிக்கு ஹால் டிக்கெட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். அப்போது பின்கட்டில் தொப்பென்று ஒரு சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தால்... வயதான தாயார் மயங்கிக் கிடந்தார்!

ஹால் டிக்கெட் கீழே விழுந்தது. ஆட்டோ வந்தது. தாயாரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். அவரும் ஏறப் போனார். மனைவி கையை நீட்டித் தடுத்தார்.

"என்னங்க, இன்னிக்கு விட்டா இன்னும் ஆறு மாசம். நீங்க போங்க. அத்தையை நான் பாத்துக்கிறேன்."

"எங்க அம்மாடீ..."

"எனக்கும் அம்மாதான். போங்க!"

ஆட்டோ அரசு ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. இவர் தெருவில் நின்றார். போவதா, வேண்டாமா? முக்கால் மணி நேரம் கால் நகரவில்லை. மகள்தான் ஹால் டிக்கெட்டைத் துடைத்துக் கையில் கொடுத்து ஸ்டேஷன் வரை கூட வந்தாள்.

பரீட்சை அறைக்குள் நுழைந்தபோது 20 நிமிடம் தாமதம். கண்காணிப்பாளர் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கேள்வித்தாளைக் கொடுத்தார். கை நடுங்கியது. முதல் பக்கத்தில் எழுதியது அவருக்கே புரியவில்லை. ஆனாலும் எழுதினார்.

மணி அடித்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். தாயார் கையில் குளுகோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. சர்க்கரை இறங்கியதால் வந்த மயக்கம். உயிருக்கு ஆபத்து இல்லை.

மகனைப் பார்த்ததும் அந்தக் கிழவி கேட்ட முதல் கேள்வி:

"எழுதிட்டியாடா?"

அவ்வளவு பெரிய மனிதர், வார்டு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டார்.

சேரும் முன் பாருங்க!

இவரைப் போல் படிக்க நினைப்பவர்கள் ஏமாறாமல் இருக்கச் சில விஷயங்கள்:

பல்கலைக்கழகம் பெரிய பெயராக இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் வருடத்தில், நீங்கள் சேரும் அந்தப் படிப்புக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அதன் இணையதளத்தில் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

என்ஜினீயரிங், மருத்துவம், நர்சிங், சட்டம் ஆகிய படிப்புகளைத் தொலைநிலையில் நடத்த அனுமதி இல்லை. "வீட்டிலிருந்தே வக்கீல் ஆகலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"ஆறே மாதத்தில் டிகிரி, பழைய தேதி போட்டுத் தருகிறோம்" என்று வரும் ஏஜெண்டுகளைக் கண்டால் ஒதுங்கிவிடுங்கள். பணம் போவதோடு நிற்காது. போலிச் சான்றிதழ் கொடுத்தால் இருக்கிற வேலையும் போய், போலீஸ் கேசும் வரும்.

பீசை ஏஜெண்ட் கையில் கொடுக்காமல் பல்கலைக்கழகத்துக்கே கட்டி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

இன்னும் ஒரு பேப்பர்

கை நடுங்கி எழுதிய அந்தப் பேப்பரில் அவர் பாஸ்! மற்ற பாடங்களும் தேறிவிட்டார். பாக்கி இருப்பது ஒரே ஒரு அரியர். வேறென்ன, இங்கிலீஷ்தான்.

தாயார் இப்போது தேறிவிட்டார். காலை 4 மணிக்கு மகனை எழுப்புவது இப்போது அவர்தான்.

"எழுந்திருடா, பேத்தி உனக்கு முன்னாடியே உக்காந்துட்டா" என்று அதட்டுகிறார்.

நாளை விடியற்காலையும் அந்த விளக்கு எரியும்.