உங்களுக்குத் தெரியுமா? பத்திரம் பார்த்து வழி சொல்லும் கட்டடங்கள்!

ஜப்பானின் ஒசாகா நகரில் கேட் டவர் என்று ஒரு 16 மாடிக் கட்டடம். அதன் 5, 6, 7-ஆம் மாடிகளில் வாடகைக்கு இருப்பது யார் தெரியுமா? ஒரு விரைவுச் சாலை! கட்டடத்தின் வயிற்றுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறுகிறது. ஆனால் சுவரை எங்கேயும் தொடுவதில்லை! லிஃப்ட் 4-ஆம் மாடியிலிருந்து நேரே 8-க்குத் தாவிவிடும்!

இப்படிப்பட்ட கட்டடங்களுக்குள் வழி கண்டுபிடிப்பது எப்படி? அமெரிக்கர்கள் தங்கள் நேரத்தில் 87 சதவீதத்தைக் கட்டடங்களுக்குள்ளேயே கழிக்கிறார்களாம். அங்கே எடுத்த கணக்கு இது. நம்மை ஊர் ஊராகக் கூட்டிப்போகும் ஜிபிஎஸ்ஸோ கான்கிரீட் கூரைக்குக் கீழே திணறிப்போகிறது!

கட்டடத்துக்குள் வழிகாட்டவே பிறந்தது இண்டோர்ஜிஎம்எல். 2014-ல் வந்த உலகத் தரநிலை. இதன் கணக்கில் ஒவ்வோர் அறையும் ஒரு புள்ளி, ஒவ்வொரு கதவும் ஒரு கோடு. அவ்வளவுதான், முழுக் கட்டடமும் வலைப்பின்னலாகிவிடும்! பின்னணியில் இருப்பது பிரெஞ்சுக் கணித மேதை புவான்கரேயின் கோட்பாடு. அவர் இறந்தது 1912-ல்!

இன்னொரு பக்கம், ஐஎஸ்ஓ 19152. நில நிர்வாகத்துக்கான உலகத் தரநிலை, 2012-ல் வெளியானது. யாருக்கு, எந்த இடத்தில், என்ன உரிமை, என்ன கட்டுப்பாடு, என்ன பொறுப்பு? எல்லாவற்றையும் பதியலாம். அந்த உரிமை எந்த நேரத்துக்குச் செல்லும் என்பதைக்கூட!

இப்போதுதான் விஷயமே! இந்த இரண்டையும் இணைத்தால்? நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மற்ற நாட்டு நிபுணர்களோடு சேர்ந்து 2017-ல் அதைச் செய்துகாட்டினார்கள். ஒரு கல்லூரிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாணவர் போனில் வகுப்பறைக்கு வழி கேட்கிறார். நடுவில் இருக்கும் ஆய்வகத்தைக் கடந்தால் பத்தே அடி. ஆனால் உள்ளே நுழைய அவருக்கு உரிமை இல்லை. வராந்தாவைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்கிறது வரைபடம். பின்னாலேயே வரும் பேராசிரியருக்கு அதே ஆய்வகத்தின் வழியாக நேர்வழி! கட்டடம் ஒன்று, புறப்பட்ட இடம் ஒன்று, போகும் இடமும் ஒன்று. வழி மட்டும் ஆளுக்கு ஒன்று! என்னைக் கேட்டால், வழிகாட்டும் வரைபடங்களில் இதைவிட அழகான யோசனை வந்ததில்லை!

உரிமையைப் பார்த்து வழி சொல்ல, அந்த உரிமையை முதலில் சரியாகப் பதிய வேண்டுமே! அதே டெல்ஃப்ட் நகரில் ரயில் நிலையம் தரைக்கு அடியில், நகராட்சி அலுவலகம் அதன் தலைமேல்! யாருக்கு எது சொந்தம் என்பதைத் தட்டையான காகிதத்தில் எப்படி வரைவது? 2016-ல் முப்பரிமாணப் பிடிஎஃப்பாகவே பதிந்துவிட்டார்கள். மவுசால் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கலாம். நெதர்லாந்தில் அடுக்கடுக்கான சொத்துரிமை முப்பரிமாணத்தில் பதிவானது அதுவே முதல்முறை!

மாடி வீட்டுக்குத் தனிப்பட்டா கொடுக்கும் யோசனை புதிதல்ல. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1961-லேயே சட்டம் போட்டுவிட்டது!

ஸ்வீடன் 2004-ல் முப்பரிமாணச் சொத்துப் பதிவைத் தொடங்கியது. அங்கே தரையைத் தொடாத சொத்துக்கும் தனிப்பதிவு உண்டு!

சிங்கப்பூரில் நிலம் வாங்கினால் பாதாளம் வரை உங்களுடையதா? கிடையாது! 2015-ல் திருத்திய சட்டப்படி, நிலப்பத்திரத்தில் வேறு ஆழம் குறிப்பிடாவிட்டால், நாட்டின் உயரங்களை அளக்கும் அடிப்படை மட்டத்துக்குக் கீழே 30 மீட்டர் வரைதான் உரிமை. அதற்கும் கீழே ஓர் அடி தோண்டினாலும் அது அரசு நிலம்!