வாக்ட்பெர்க் ரேடார்

ஜெர்மனியில் பான் நகருக்குத் தெற்கேயுள்ள வாக்ட்பெர்க் என்னும் ஊரில், சுற்றுப்புறத்து வீடுகளையெல்லாம் சிறியனவாகத் தோன்றச் செய்துகொண்டு, 47 மீட்டர் விட்டமுள்ள வெள்ளைக் கோளம் ஒன்று நிற்கிறது. மழையும் காற்றும் தீண்டாதபடி அதனுள்ளே காக்கப்பட்டிருப்பது, 34 மீட்டர் அகலமுள்ள கிண்ண வடிவ ஆன்டெனாவைக் கொண்ட 'டீரா' என்னும் ரேடார்.

240 டன் எடையுள்ள இந்த யந்திரம் பதினைந்தே விநாடிகளில் ஒரு முழு வட்டம் சுழன்றுவிடும். சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் விரையும் செயற்கைக் கோள், அடிவானத்தில் உதித்து எதிர்த்திசையில் மறைவதற்குப் பத்து நிமிஷமே பிடிக்குமாதலால், அதைப் பின்தொடர்வதற்கு இத்தகைய சுறுசுறுப்பு அவசியமாகிறது. இங்கிருந்து கிளம்பும் ரேடியோ அலை, 800 கிலோமீட்டர் தூரத்திலுள்ள பொருளின் மேல் பட்டுத் திரும்பிவர, விநாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு நேரமே ஆகிறது. அந்த நேரம் தூரத்தையும், அலையின் அதிர்வெண்ணில் நேர்ந்த மாறுதல் வேகத்தையும், ஆன்டெனா நோக்கிய கோணம் திசையையும் அறிவிக்க, இம்மூன்றையும் கொண்டு பொருளின் பாதை கணிக்கப்படுகிறது.

கஷ்டமெல்லாம் தூரத்தில்தான். அலையானது போகும்போதும் பரவி மெலிகிறது, பிரதிபலித்து மீளும்போதும் பரவி மெலிகிறது. ஆகவே தூரம் இரட்டித்தால் திரும்பிவரும் சக்தி பாதியாகவோ கால்பங்காகவோ குறைவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது! இவ்வளவு கடுமையான கணக்குக்கு உட்பட்டும், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள இரண்டு சென்டிமீட்டர் துண்டை டீரா கண்டுவிடும். அருகிலுள்ள எஃபெல்ஸ்பெர்க்கின் 100 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி எதிரொலியை வாங்கித் தரும் நாட்களில், ஒரு சென்டிமீட்டர் துகளும் தப்புவதில்லை. அப்போது எதையும் துரத்தாமல், ஆன்டெனாவை ஒரே திசையில் நிறுத்தி, குறுக்கே கடப்பவற்றை எண்ணுவார்கள்.

எண்ணுவதோடு, உருவத்தைச் சித்திரிப்பதும் இதற்குக் கைவந்த வித்தை. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் எட்டு டன் எடையுள்ள என்விசாட் என்னும் செயற்கைக் கோள், 2012 ஏப்ரல் 8ஆம் தேதி திடீரென்று மௌனமாகிவிட்டபோது, அது சிதைந்துவிட்டதோ என்ற சந்தேகம் எழுந்தது. சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள குற்றலைகளைக் கொண்டு டீரா எடுத்துத் தந்த படங்களில், அதன் உடலும் சூரியத் தகடும் பழுதின்றிக் காணப்பட்டன. உயிர் மட்டும் திரும்பவில்லை. மே 9ஆம் தேதி அதன் பணி முடிந்ததாக அறிவித்தார்கள். கட்டளைக்குச் செவிசாய்க்காத அந்த எட்டு டன் இன்றும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. எதிர்ப்படும் செயற்கைக் கோள்கள்தாம், ரேடார் தரும் கணக்கைப் பார்த்து, அதற்கு வழிவிட்டு விலக வேண்டும்.