கெட்டிமேளம் கொட்டும்போது உறையும் திரை... குற்றவாளி இன்டர்நெட் இல்லை!

முதல் மாடியில் முகூர்த்தம். மண்டபத்தில் லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலியால் படியேற முடியாத பாட்டி, கீழே டைனிங் ஹால் டிவி முன்பு கையில் அட்சதையுடன் உட்கார்ந்திருக்கிறார். 'கெட்டிமேளம்... கெட்டிமேளம்' என்று மேலே குரல் கேட்கிறது. டிவியில் மாப்பிள்ளையின் கை பாதியில் நிற்க, நடுவே ஒரு வட்டம் சுற்றுகிறது. படம் மறுபடி ஓடும்போது மூன்று முடிச்சும் விழுந்து முடிந்திருக்கிறது.

பல கல்யாண வீடுகளில் நடக்கும் கதை இது. உடனே எல்லோரும் சொல்வது, "நெட் ஸ்லோ!"

ஆனால் ஒரே கட்டடத்துக்குள் மேலிருந்து கீழே படம் காட்ட இன்டர்நெட்டே தேவையில்லை. கேமரா, லேப்டாப், ரவுட்டர், டிவி நான்கும் சேர்ந்த உள்ளூர் நெட்வொர்க்கே போதும். பெரிய பிளானுக்கு மாறினாலும் பயனில்லை. அடைப்பு மண்டபத்துக்குள்தான் இருக்கிறது.

காற்று எல்லோருக்கும் பொது

வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். நூற்றுக்கணக்கான போன்கள் கூடும் இடத்தில் அது எப்படித் தாங்கும்? கேமரா, டிவி இரண்டுமே வைஃபையில் இருந்தால் ஒரே படம் காற்றில் இரண்டு முறை பயணிக்கிறது. நெரிசலும் இரட்டிப்பாகிறது.

விருந்தினருக்குத் தனி பாஸ்வேர்டு கொடுத்தால் மட்டும் சரியாகிவிடாது. ரவுட்டரும் சேனலும் அதேதான் என்றால் காற்றும் அதேதான். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு. ஆனால், கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது சிக்னல் பலவீனமாகிவிடும்.

வயர்தான் வைத்தியம்

கேமரா பக்கத்திலிருந்து ரவுட்டருக்கும், ரவுட்டரிலிருந்து டிவிக்கும் நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுங்கள். 'கேட் 5இ' அல்லது 'கேட் 6' கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். பெரும்பாலான மண்டபங்களுக்கு இது போதும்.

ஒரு எச்சரிக்கை. கேபிளுக்குள் 8 இழைகள் உண்டு. 1,000 எம்பிபிஎஸ் வேகத்துக்கு எட்டும் வேலை செய்ய வேண்டும். ஒன்று அறுந்தாலும், எந்த அறிவிப்பும் இல்லாமல் வேகம் 100-க்கு இறங்கிவிடலாம். லேப்டாப்பின் நெட்வொர்க் செட்டிங்ஸில் 1,000 என்று காட்டுகிறதா என்று பாருங்கள்.

ஒரு ஃபுல் ஹெச்டி நேரலைக்கு 6 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிவிக்கு 100-ஏ தாராளம். ஆனால், 20 பேர் போனிலும் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் படம் போக வேண்டும். 20 x 6 = 120. அப்போது 100 எம்பிபிஎஸ் பழைய ஸ்விட்ச் திணறும். 'கிகாபிட்' ஸ்விட்ச் அசராது.

அடைப்பு எங்கே?

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். ஒவ்வொரு பகுதியாகச் சோதியுங்கள்.

* ரவுட்டரில் வயர் மூலம் இன்னொரு லேப்டாப்பை இணைத்து நேரலையை ஓடவிடுங்கள். அதில் நன்றாக ஓடினால் கோளாறு டிவி பக்கம். அதிலும் திக்கினால் கேமரா பக்கம்.

* ஒளிபரப்பும் லேப்டாப்பே திணறலாம். 'ஓபிஎஸ்' மென்பொருளின் புள்ளிவிவரப் பகுதியில், நெட்வொர்க்கால் விடுபட்ட ஃபிரேம்களும் கணினி திணறியதால் விடுபட்டவையும் தனித்தனியாகத் தெரியும். இரண்டாவது எண் ஏறினால், வயரை மாற்றிப் பயனில்லை.

* வேறு வழியே இல்லையென்றால் ஃபுல் ஹெச்டியிலிருந்து சாதாரண ஹெச்டிக்கு இறங்கி, பிட்ரேட்டைப் பாதியாக்குங்கள். படம் கொஞ்சம் மங்கலாம், ஆனால் நிற்காது.

எப்போது சோதிப்பது?

காலி மண்டபத்தில் எல்லாமே நன்றாக ஓடும். கூட்டம் சேர்ந்தால் போன்களும் அதிகம், மனித உடல்களும் சிக்னலை உறிஞ்சும். எனவே, முதல்நாள் மாலை வரவேற்பில் கூட்டம் நிறைந்திருக்கும்போது சோதியுங்கள். குறை தெரிந்தால் சரிசெய்ய ஓர் இரவு கையில் இருக்கும்.

கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் பாட்டி கையில் இருக்கும் அட்சதைக்கு அந்த ஒரு நொடிதான். அதற்கு ஒரு வயர் இழுத்தால் போதும்.