டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள்

தை பிறந்தால் விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள முந்திரித் தோப்புகள் பூவெடுக்கும். கூடவே தேயிலைக் கொசு என்ற பூச்சியும் வந்துவிடும். அதற்கு மருந்தடிக்கப் போகிறவர்களில் எங்கள் பீங்கான் தொழிற்பேட்டை ஆட்களும் உண்டு. சூளை ஓடாத நாளில் கூலிக்குப் போவார்கள். என் மச்சானும் போனார்.

உயரமான மரத்தைப் பார்த்து மருந்தைப் பீய்ச்சினால் பாதி நம் தலையில்தான் இறங்கும். சாயங்காலம் அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வாயில் எச்சில் ஒழுகியது. கண்ணின் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “என்ன மருந்து அடிச்சாரு?” தோப்புக்காரருக்குப் போன் போட்டேன். “டப்பாவ ஓடையில போட்டுட்டேன் அண்ணே, அங்கதான் கிடக்கும்” என்றார். டார்ச் அடித்துத் தேடி எடுத்துப் போனோம்.

அந்த லேபிளில் ரசாயனத்தின் பெயர், முறிவு மருந்து, பேட்ச் எண் எல்லாம் இருந்தன. குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் நரம்புக்குக் கடிவாளம் போடும் நொதியை முடக்கிவிடும். அதற்கு அட்ரோபின் கொடுப்பார்கள். பாராகுவாட் களைக்கொல்லிக்கோ முறிவு மருந்தே கிடையாது. அதனால்தான் பெயர் தெரிய வேண்டும். மருந்து பட்டவருக்கு முதல் வேலை, நனைந்த உடையைக் களைந்து சோப்பு போட்டுக் குளிப்பாட்டுவது. தோல் வழியாகவும் விஷம் ஏறும். ஒருநாளில் தெளிந்துவிட்டாரே என்று வீட்டுக்குக் கூட்டிப்போக அவசரப்படக் கூடாது. ஆர்கனோபாஸ்பரஸ் விஷத்தில் ஒன்று முதல் நான்கு நாளுக்குள் மூச்சுத் தசைகள் தளர்ந்துபோகலாம்.

பின்னால் வழக்குப் போட நேர்ந்தாலும் அதே டப்பாதான் ஆதாரம். தொழிற்பேட்டையில் அடிபட்டால் வருகைப் பதிவேடு இருக்கிறது, இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது. தோப்பில் கூலிக்குப் போனவருக்கு என்ன இருக்கிறது? ஆகவே டப்பா, கடை பில், அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு (ஏ.ஆர்.) காப்பி, ரத்தப் பரிசோதனைச் சீட்டு நான்கையும் பத்திரப்படுத்துங்கள். மருந்து போலி என்று சந்தேகம் வந்தால் வேளாண் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, ஆய்வாளர் கடையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பலாம். சரக்கில் குறை, எச்சரிக்கையில் குறை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கெடு 2 ஆண்டு.

வழக்கு எவ்வளவு இழுக்கும் என்பதற்குக் கேரளத்தின் காசர்கோட்டை நினைத்துப் பாருங்கள். அங்கும் முந்திரிதான், அதே கொசுதான். அரசுத் தோட்டக் கழகம் ஹெலிகாப்டரில் 20 ஆண்டுக்கு மேல் எண்டோசல்பான் தெளித்தது. வேளாண் துறை ஊழியர் லீலாகுமாரி அம்மா அதை எதிர்த்து 1998இல் முன்சீப் கோர்ட்டுக்குப் போனார். 13.5.2011 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அந்த மருந்துக்குத் தடை போட்டது. 10.1.2017 அன்று, பாதிக்கப்பட்டவர்களுக்கு மூன்று மாதத்தில் தலா 5 லட்சம் கொடுக்கக் கேரள அரசுக்கு உத்தரவிட்டது. பட்டியலில் 3,704 பேர். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால், அவமதிப்பு வழக்கோடு மறுபடி படியேறிய எட்டுப் பேருக்குத்தான் பணம் வந்திருந்தது. 2022 மே மாதம் நீதிமன்றம் அரசைக் கடுமையாகக் கண்டித்தது. தீர்ப்பு வாங்கியவர்களுக்கே இந்தக் கதி என்பது எனக்கு ஆறவே இல்லை.

வக்கீலுக்குக் காசில்லை என்று ஒதுங்க வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் சட்டப் பணிகள் குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 15100க்குப் போன் செய்யுங்கள். போகும்போது டப்பா, பில் உள்ளிட்ட அந்த நான்கையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தாள்களில் மூலத்தைக் கொடுத்துவிடாமல் நகலை மட்டும் கொடுங்கள்.