சிட் சீசரின் சரிவு

1950 முதல் 1954 வரை ‘யுவர் ஷோ ஆஃப் ஷோஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியால் அமெரிக்காவின் சனிக்கிழமை இரவுகளைச் சிரிக்கவைத்தவர் சிட் சீசர். ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேர நேரலை. தவறினால் திருத்த வழியில்லை. பிற்பாடு அவர் சரிந்ததற்குக் குடியும் மாத்திரையுமே காரணம் என்பார்கள். அந்தப் பழக்கங்களை அவரே தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டார். ஆனால், புகழின் உச்சியிலும் அவர் குடித்துக்கொண்டுதானே இருந்தார்? உடன் உழைத்த மெல் புரூக்ஸும் கார்ல் ரைனரும் உயர்ந்தார்களே என்றால், அவர்களுக்கு எழுத்தும் இயக்கமும் கைகொடுத்தன. சீசரின் கலையோ முகபாவத்திலும், அந்நிய மொழிகளின் ஓசையை அப்படியே போலச்செய்யும் நாவிலும் இருந்தது. அதற்கு நேரலை மேடை வேண்டும். அவருடைய அடுத்த நிகழ்ச்சி 1957இல் நின்றபோது, தொலைக்காட்சி படமாக்கப்பட்ட தொடர்களின் பக்கம் திரும்பியிருந்தது. அந்த அபூர்வக் கலைஞரை 1978இல் ‘கிரீஸ்’ படம் ஒரு சிறிய பயிற்சியாளர் வேடத்தில்தான் பயன்படுத்தியது.