காய்ச்சல் தணிந்தபின் கண் மங்கினால்



மழை தொடங்கியதும் வெள்ளவத்தையில் வாழும் நாம் கால்வாயின் அழுக்கு நீரைப் பழிப்பது வழக்கம். ஆனால், டெங்கு வைரசைப் பரப்பும் நுளம்போ பெரும்பாலும் நம் வீட்டுத் தெளிந்த நீரிலேயே பெருகுகின்றது. கூரைப் பீலியும், பூச்சாடித் தட்டும், முற்றத்திற் கிடக்கும் சிரட்டையும் அதற்குப் போதும். 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். இந்நோய் கண்ணையும் தாக்கக்கூடும் என்பதைப் பலர் அறியார்.

நானும் அறிந்திலேன். டெங்கு நீங்கி வகுப்புக்கு மீண்ட மாணவி ஒருத்தி, கரும்பலகையில் தான் நோக்கும் எழுத்து மட்டும் மறைகின்றது என்றாள். படிப்பைத் தட்டிக்கழிக்கச் சொல்லும் சாட்டென்று எண்ணி, சில நாட்களை வீணாக்கினேன். பின்னர் கண் வைத்தியரே உண்மையை விளக்கினார்.

விழித்திரையின் நடுவே மஞ்சட்பொட்டு என்றோர் இடம் உண்டு. வாசிப்பதற்கும் முகங்களை இனங்காண்பதற்கும் உதவுவது அதுவே. டெங்குவினால் அங்குள்ள நுண்ணிய குருதிக்குழாய்கள் கசிந்து வீக்கமோ அழற்சியோ ஏற்படின், நடுப்பார்வை மங்கும். காய்ச்சல் கண்டு ஏறக்குறைய ஒரு வாரத்தில், நோய் தணிந்ததென்று நாம் ஆறுதலடையும் வேளையிலேயே, இது தோன்றுவதுண்டு. பெரும்பாலோர்க்குப் பார்வை மீளும். சிலர்க்கு ஒரு நிழல் எஞ்சிவிடும்.

இத்தகைய துன்பம் டெங்குவுக்கு மட்டும் உரியதன்று. 2006இல் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் பரவிய சிக்குன்குன்யாவும் நுளம்பினால் வந்ததே. காய்ச்சல் நீங்கிச் சில வாரங்களின் பின்னரும் அது கண்ணினுள் அழற்சியை உண்டாக்கவல்லது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் வைத்தியர்கள் இத்தகைய நோயாளரை ஆராய்ந்து எழுதியுள்ளனர். இன்றைய கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் 1957இல் அறியப்பட்ட, உண்ணி கடிப்பதாற் பரவும் வைரசுக் காய்ச்சலிலும் கண் சிவத்தலும் குருதிக்கசிவும் காணப்பட்டன.

ஆகவே, காய்ச்சலுற்றவர் தேறும்போது ஓர் எளிய சோதனை செய்யலாம். பிள்ளைகளின் சதுரக்கோட்டுக் கொப்பியை எடுத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் அதன் நடுவை நோக்குக. பின்னர் மற்றக் கண்ணாலும் அவ்வாறே செய்க. கோடுகள் வளைந்தாலோ, நடுவிடம் மறைந்தாலோ, கண் சிவந்து நொந்தாலோ, அன்றே கண் வைத்தியரை நாடுக. கோடுகள் நேராகத் தோன்றினும் பார்வை மங்குவதாயின் தாமதிக்கலாகாது. தாமாகவே சொட்டுமருந்து வாங்கி இடுவதும் தகாது.

அம்மாணவியின் பார்வை இரு மாதங்களில் மீண்டது. நான் வீணாக்கிய அச்சில நாட்கள்தாம் இன்றும் என்னை உறுத்துகின்றன. கண் மங்குகின்றது என்று ஒரு பிள்ளை சொன்னால், முதலில் நம்புங்கள்.